வெளிநாட்டுப் பல்கலையோடு கூட்டுப் படிப்பு, கூட்டு ஆய்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் இரண்டு துணைவேந்தர்கள் கோப்பு மாற்றிக்கொள்வார்கள், மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். அதற்கு அப்புறம் என்ன என்று கேட்கிற மாணவர்கள், பெற்றோர், ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். பெரும்பாலும் இந்திய விதிமுறைகளை வைத்து எழுதியிருக்கிறேன்.

எங்கள் கல்லூரி ஒரு வெளிநாட்டுப் பல்கலையோடு எம்.ஓ.யு. போட்டிருக்கிறது. எனக்கு அந்தப் பல்கலையின் பட்டம் கிடைக்குமா?

எம்.ஓ.யு. மட்டும் இருந்தால் கிடைக்காது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சயத் தாம்பூலம். தாலி இன்னும் ஏறவில்லை. "ஆய்விலும் கல்வியிலும் ஒத்துழைக்க விரும்புகிறோம்" என்று பொதுவாக எழுதியிருக்கும். யார் எத்தனை பேரை அனுப்புவது, யார் செலவு செய்வது என்ற பேச்சே பெரும்பாலும் இருக்காது. அவை தனி ஒப்பந்தங்களில் வரும்: மாணவர் பரிமாற்றத்துக்கு ஒன்று, கூட்டுப் பட்டத்துக்கு ஒன்று, ஆய்வுத் திட்டத்துக்கு ஒன்று. ஆகவே கல்லூரியில் "எம்.ஓ.யு. இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். "அதன் கீழ் என் படிப்புக்கு என்ன ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது, போன ஆண்டு எத்தனை பேர் போய் வந்தார்கள்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ட்வின்னிங், ஜாயிண்ட் டிகிரி, டூயல் டிகிரி: மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

சான்றிதழில் யார் பெயர் என்பதைப் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, 2022 மே மாதம் வெளியிட்ட விதிமுறைகள் இதைத் தெளிவாகப் பிரிக்கின்றன.

ட்வின்னிங்கில் ஒரு பகுதியை வெளிநாட்டில் படிப்பீர்கள், பட்டம் இந்திய நிறுவனம் மட்டுமே தரும். வெளிநாட்டில் எடுக்கும் கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஜாயிண்ட் டிகிரியில் பாடத்திட்டத்தை இரு நிறுவனங்களும் சேர்ந்தே வகுக்கும். இரண்டின் முத்திரையும் பொறித்த ஒரே சான்றிதழ் வரும். ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது 30 சதவீதக் கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். டூயல் டிகிரியில் இரண்டு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் தனித்தனிச் சான்றிதழ் தரும். இந்திய நிறுவனத்தில் குறைந்தது 30 சதவீதம். இது ஒரே பாடத்துக்கான, ஒரே நிலைக்கான பட்டம். இங்கே வேதியியலும் அங்கே எம்.பி.ஏ.வும் வாங்கும் ஏற்பாடு என்று நினைத்து வருபவர்கள் உண்டு; அது இந்த விதிமுறைக்குள் வராது.

தொலைநிலைக் கல்வி, ஆன்லைன் படிப்பு இரண்டுக்கும் இந்த விதிமுறைகள் பொருந்தாது. யாராவது "வீட்டிலிருந்தே டூயல் டிகிரி" என்று விளம்பரம் செய்தால் இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாக் கல்லூரிகளும் இப்படிப் படிப்பு நடத்த முடியுமா?

முடியாது. கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 4-க்கு 3.01 புள்ளியாவது பெற்ற நிறுவனம், அல்லது மத்திய அரசின் தரவரிசையான என்ஐஆர்எஃப் பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100-க்குள் இருப்பது, அல்லது சிறப்பு நிறுவனம் என்ற தகுதி பெற்றது, உலகத் தரவரிசைகளில் (கியூஎஸ் அல்லது டைம்ஸ் உயர்கல்வி) முதல் 500-க்குள் உள்ள பல்கலையோடு யுஜிசியின் முன் அனுமதி இல்லாமலே கூட்டுச் சேரலாம். மற்றவை அனுமதி வாங்க வேண்டும். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை என்றால் அந்தந்தக் கவுன்சிலின் ஒப்புதலும் தேவை.

முடித்துவிட்டு வந்தால் இணைச் சான்று (பட்டம் சமமானது என்ற சான்று) வாங்க அலைய வேண்டுமா?

இந்த விதிமுறைக்கு உட்பட்டு நடக்கும் படிப்புக்கு வேண்டாம். அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்று விதிமுறையே சொல்லிவிடுகிறது. வெளிநாட்டுக்கு நீங்களாகப் போய் வாங்கும் பட்டம் வேறு கதை.

கிரெடிட்டை எப்படி மாற்றுவார்கள்? அரியர் விழுமா?

விழலாம். ஆறு மாதம் வெளிநாட்டில் நன்றாகப் படித்துவிட்டு வந்து ஊரில் அரியரோடு உட்காருவது நடக்கிற விஷயம்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பாவில் கிரெடிட் கணக்குக்கு ஈசிடிஎஸ் என்று பெயர்; ஓர் ஆண்டுக்கு 60 ஈசிடிஎஸ் கிரெடிட், அதாவது ஒரு செமஸ்டருக்கு 30. இங்கே பெரும்பாலும் செமஸ்டருக்கு 20 கிரெடிட்டை ஒட்டி இருக்கும். அதனால் நம்முடைய 2 கிரெடிட்டுக்கு அங்கே 3 என்று தோராயமாகக் கணக்குப் போடுகிறார்கள். நம் 4 கிரெடிட் பாடத்துக்கு அங்கே 6 ஈசிடிஎஸ் பாடம். இதுவரை சுலபம்.

சிக்கல் பாடத்தின் உள்ளடக்கத்தில் வரும். ஐந்தாம் செமஸ்டரில் நீங்கள் ஜெர்மனிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். இங்கே அந்த செமஸ்டரில் பாய்ம இயக்கவியல் கட்டாயப் பாடம். அங்கே அதைக் கோடைக்கால செமஸ்டரில் மட்டும்தான் நடத்துகிறார்கள். நீங்கள் இருப்பதோ குளிர்கால செமஸ்டரில். அதற்குப் பதில் எந்தப் பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள் என்று புறப்படும் முன்பே எழுதி, துறைத் தலைவரின் கையெழுத்து வாங்கி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்திருந்தால் பிழைத்தீர்கள். "போய் வாங்க, பாத்துக்கலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பினால், திரும்பி வரும்போது துறைத் தலைவர் மாறியிருப்பார். அங்கே போன பிறகு பாடத்தை மாற்றினாலும் உடனே மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மதிப்பெண். ஜெர்மனியில் 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சியின் கடைசிப் படி. விவரம் தெரியாதவர் 1.3 என்பதை அப்படியே நம் பத்துப் புள்ளி அளவில் ஏற்றினால், வகுப்பில் முதலில் வந்தவர் ஃபெயில். மாற்றுவதற்கு ஜெர்மானியர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள், அதை உச்சத்துக்கும் தேர்ச்சி அளவுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் 8.5 வாங்கியவருக்கு 1.9 வரும். உங்கள் கல்லூரி எந்த முறையில் மாற்றும் என்பது ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

கையில் பணமில்லை. உதவித்தொகையோடு கூட்டு முதுகலை படிக்க வழி உண்டா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸை முதலில் பாருங்கள். 2004-ல் தொடங்கியது. குறைந்தது மூன்று நாடுகளைச் சேர்ந்த மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஒரு முதுகலைப் படிப்பை நடத்தும். மாணவர் குறைந்தது இரண்டு நாடுகளில் படித்தாக வேண்டும். முடிவில் கூட்டுப் பட்டமோ, ஒன்றுக்கு மேற்பட்ட பட்டங்களோ வரும்.

உதாரணமாக வெள்ள அபாய மேலாண்மைக்கு ஒரு படிப்பு. நெதர்லாந்தின் ஐஎச்இ டெல்ஃப்ட், ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலை, பார்சிலோனாவில் உள்ள கத்தலூனியா தொழில்நுட்பப் பல்கலை, ஸ்லோவேனியாவின் லுப்லியானா பல்கலை ஆகிய நான்கும் சேர்ந்து உருவாக்கியது. நான்கும் நான்கு விதமான நீரோடு பழகிய ஊர்கள். கடல்மட்டத்துக்குக் கீழே வாழும் டச்சுக்காரர்களிடம் கரை கட்டுவதைப் படிக்கலாம். 2002-ல் எல்பே ஆறு ஊருக்குள் புகுந்ததைப் பார்த்த டிரெஸ்டனில் ஆற்று வெள்ளத்தைப் படிக்கலாம். ஒரே பல்கலையில் இரண்டு ஆண்டு உட்கார்ந்தால் இது கிடைக்காது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியதைப் பார்த்த சென்னைக்காரருக்கு இந்தப் படிப்பின் தேவையை விளக்க வேண்டியதில்லை. கூட்டுப் படிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. இரண்டு இடத்திலும் ஒரே பாடத்தைத்தான் படிப்பதென்றால் விமானச் செலவு எதற்கு?

உதவித்தொகை 2021-27 திட்டக் காலத்தில் மாதம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாதம். உதவித்தொகை பெறுபவர் படிப்புக் கட்டணம் கட்டத் தேவையில்லை. பயணம், விசா, வாடகை எல்லாம் அந்த 1,400-க்குள் அடங்கும். இறுதியாண்டு மாணவரும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பிரஸ்ஸல்ஸுக்கு இல்லை, அந்தந்தப் படிப்பை நடத்தும் கூட்டமைப்புக்கு. பெரும்பாலான படிப்புகளுக்கு அக்டோபர் முதல் ஜனவரி வரை வாசல் திறந்திருக்கும். ஒரே நாட்டவருக்கு உதவித்தொகையில் பெரும்பங்கு போய்விடாமல் வரம்பு வைத்திருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து விண்ணப்பங்கள் குவிவதால், உங்கள் நிஜமான போட்டியாளர் பிரேசில்காரரோ கென்யாக்காரரோ இல்லை, பக்கத்து ஊர்க்காரர்தான். எல்லாப் படிப்புக்கும் ஒரே நோக்கக் கடிதத்தை அனுப்பாதீர்கள். ஏன் இந்தக் குறிப்பிட்ட நாடுகளின் வரிசை உங்களுக்கு வேண்டும் என்று எழுதுங்கள்.

கூட்டு பிஎச்.டி. எப்படி நடக்கிறது? இரண்டு ஆய்வேடு எழுத வேண்டுமா?

ஒரே ஆய்வேடுதான். இரண்டு கைடு, ஒவ்வொரு பல்கலையிலும் ஒருவர். யுஜிசி விதிமுறைப்படி ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது ஒரு செமஸ்டர் இருக்க வேண்டும்.

இந்தியாவில் நிலைபெற்ற உதாரணம், 2008-ல் ஐஐடி பம்பாயும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலையும் சேர்ந்து தொடங்கிய ஆராய்ச்சி அகாடமி. மும்பை பவாயில் உள்ள ஐஐடி வளாகத்தில் இருந்தபடி ஆய்வு செய்துகொண்டு, ஒரு பகுதிக் காலம் ஆஸ்திரேலியாவுக்குப் போய் வருவார்கள். பட்டம் இரு நிறுவனங்களின் பெயரிலும். ஐஐடி டெல்லியும் குவீன்ஸ்லாந்து பல்கலையும் இதே போல ஓர் அகாடமி நடத்துகின்றன.

பிரான்சில் ஏற்பாடு வேறு மாதிரி. அங்கே கோட்யூட்டெல் என்ற முறையில் ஒவ்வொரு மாணவருக்கும் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதுகிறார்கள். உங்கள் பெயரைப் போட்டு, எந்த மாதம் எங்கே இருப்பீர்கள், எந்த ஆண்டு எங்கே கட்டணம் கட்டுவீர்கள், எந்த மொழியில் எழுதுவீர்கள், வாய்மொழித் தேர்வு எந்த ஊரில், நடுவர்கள் யார் யார் என்று வரி வரியாக இருக்கும். ஒரே நேரத்தில் இரு இடத்திலும் கட்டணம் கட்ட வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதி. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் பிரெஞ்சில் ஒரு சுருக்கம் சேர்க்க வேண்டியிருக்கும். கையெழுத்தாக மாதக்கணக்கில் ஆகலாம், ஏனென்றால் இரு பல்கலைகளின் சட்டப் பிரிவுகளும் ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். ஆய்வைத் தொடங்கி இரண்டாண்டு கழித்து "கோட்யூட்டெலாக மாற்றிக்கொள்ளலாமா" என்று கேட்டால் சாதாரணமாகக் கதவு மூடியிருக்கும். முதல் ஆண்டிலேயே கேளுங்கள்.

சேருவதற்கு முன் இரண்டு கைடுகளும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஏதாவது உண்டா என்று தேடிப் பாருங்கள். உண்டென்றால் நல்லது. இல்லையென்றால், அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தும் வேலை உங்கள் தலையில் விழும். ஒருவர் "மாடலிங்கை முடி" என்பார், இன்னொருவர் "முதலில் பரிசோதனை" என்பார். மாதம் ஒருமுறை மூன்று பேரும் ஒன்றாகப் பேசும் வழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் முடிவுகளை நான்கு வரியில் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

நான் ஆசிரியர். கூட்டு ஆய்வை எங்கிருந்து தொடங்குவது?

ஆட்களிடமிருந்து. துணைவேந்தர் மட்டத்தில் தொடங்கி ஆய்வகத்துக்கு இறங்கி வந்த கூட்டுகளைவிட, இரண்டு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, அதிலிருந்து மேலே ஏறிய கூட்டுகளே நெடுநாள் நிற்கின்றன.

பணத்துக்குச் சில வழிகள் உண்டு. இந்தோ-பிரெஞ்சு மையமான செஃபிப்ரா 1987 முதல் இயங்குகிறது. இரு நாட்டு அரசுகளும் நிதி தருகின்றன. ஓர் இந்திய ஆய்வாளரும் ஒரு பிரெஞ்சு ஆய்வாளரும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். பிஎச்.டி. மாணவர்கள் சில மாதம் போய் வர ராமன்-ஷார்பாக் உதவித்தொகை இருக்கிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் ஸ்பார்க் திட்டம் 2018-ல் வந்தது, ஐஐடி காரக்பூர் ஒருங்கிணைக்கிறது. இவற்றுக்கெல்லாம் அழைப்பு வரும் காலம் மாறும். அழைப்பு வந்த பிறகு கூட்டாளியைத் தேடினால் நேரம் போதாது.

எல்லாம் ஆய்வகம் சார்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஹாம்பர்க் பல்கலையின் ஈவா வில்டன் தலைமையில், ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் நிதியோடு 2014-ல் தொடங்கிய நெட்டமில் திட்டம், பாண்டிச்சேரியில் உள்ள பிரெஞ்சு தூரகிழக்குப் பள்ளியோடு சேர்ந்து தமிழ்ச் சுவடிகளில் வேலை செய்தது. பணமும் நிர்வாகமும் ஐரோப்பாவில், ஓலையும் அதைப் படிக்கத் தெரிந்த ஆட்களும் இங்கே. அறிவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு மேசையில் உட்கார வேண்டும். நாம் வாங்கிக்கொள்ளும் பக்கம் மட்டும்தான் என்ற நினைப்போடு போனால் ஒப்பந்தமும் அப்படித்தான் எழுதப்படும்.

யாழ்ப்பாணப் பல்கலையின் இயற்பியல் துறை, மேற்கு நார்வே பயன்பாட்டு அறிவியல் பல்கலையோடு சூரிய மின்கலப் பொருள்களில் சேர்ந்து ஆய்வு செய்து, மாணவர்களையும் பரிமாறிக்கொண்டது. பெரிய பெயர்கள் இல்லாமலும் உருப்படியாகச் செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

மாதிரிகளை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

கூரியரில் போட்டுவிட முடியாது. செடி, பூச்சி, நுண்ணுயிர், மீன் எதுவானாலும் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் குறுக்கே வரும். தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் தலைமையகம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த மண் மாதிரியில் உள்ள பாக்டீரியாவும் இதில் அடங்கும். மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஆனால் உங்கள் திட்டம் அதற்குள் வருகிறதா என்பதை ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மனித ரத்தம், திசு, நோயாளியின் தரவு என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு மட்டும் போதாது. வெளிநாட்டோடு சேர்ந்த மருத்துவ ஆய்வுகளைச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு பார்க்கும். அதன் வேலையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) கவனிக்கிறது. திட்ட அட்டவணையில் இந்த அனுமதிகளுக்கென்று மாதங்களை ஒதுக்குங்கள். வெளிநாட்டுக் கூட்டாளிக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் சோம்பேறி என்று நினைத்துக்கொள்வார்.

காப்புரிமை யாருக்கு? கட்டுரையில் யார் பெயர் முதலில்?

காப்புரிமை ஒப்பந்தத்தில் எழுதியபடி. அவரவர் முன்பே வைத்திருந்தது அவரவருக்கு, சேர்ந்து கண்டுபிடித்தது இருவருக்கும் என்பது வழக்கமான ஏற்பாடு. பெயர் வரிசை ஒப்பந்தத்தில் வராது. வேலை தொடங்கும்போதே பேசிவிடுங்கள். மாதிரி திரட்டியவர் பெயர் நன்றியுரையில் மட்டும் வருவதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தக் கூட்டெல்லாம் புதிதாக வந்த மோகமா?

இல்லை. ஐஐடி மெட்ராஸே ஒரு கூட்டில் பிறந்ததுதான். 1956-ல் மேற்கு ஜெர்மனி உதவ முன்வந்தது. 1959-ல் நிறுவனம் தொடங்கியது. ஜெர்மன் பேராசிரியர்கள் கிண்டிக்கு வந்தார்கள், இயந்திரங்கள் கப்பலில் வந்தன, இங்கிருந்து ஆட்கள் ஜெர்மனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். ஐஐடி கான்பூருக்கு எம்ஐடி, பிரின்ஸ்டன், பெர்க்லி உட்பட ஒன்பது அமெரிக்க நிறுவனங்கள் 1962 முதல் பத்தாண்டு துணை நின்றன. 1963-ல் அங்கே ஒரு ஐபிஎம் 1620 கணினி வந்து சேர்ந்தது. இப்போது திசை மாறியிருக்கிறது. 2023-ல் ஐஐடி மெட்ராஸ் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. வெளிநாட்டில் திறந்த முதல் ஐஐடி வளாகம் அது.

நான் படித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டு முறிந்துவிட்டால்?

சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவின் யேல் பல்கலையும் சிங்கப்பூர் தேசியப் பல்கலையும் சேர்ந்து யேல்-என்யூஎஸ் கல்லூரியை 2011-ல் அறிவித்து, 2013-ல் திறந்தன. தொடக்கத்திலேயே சலசலப்பு: சிங்கப்பூரில் குடிமை, அரசியல் உரிமைகளின் நிலவரம் பற்றிக் கவலை தெரிவித்து யேல் ஆசிரியர்கள் 2012-ல் தீர்மானம் போட்டார்கள். ஆனாலும் கல்லூரி நன்றாகவே நடந்தது. 2021 ஆகஸ்டில் ஒரு நாள், கல்லூரியை மூடி இன்னொரு திட்டத்தோடு இணைக்கப் போவதாகச் சிங்கப்பூர் தேசியப் பல்கலை அறிவித்தது. மாணவர்களுக்கு அது இடி. ஆனால் ஏற்கெனவே சேர்ந்தவர்கள் யாரும் தெருவில் நிற்கவில்லை. அந்த ஆண்டு சேர்ந்தவர்கள் வரை படித்து முடிக்க விட்டு, 2025-ல் கடைசி அணி வெளியேறியது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கல்லூரியின் பட்டத்தை ஆரம்பத்திலிருந்தே சிங்கப்பூர் தேசியப் பல்கலைதான் வழங்கியது, யேல் வழங்கவில்லை. வாசல் பலகையில் இருந்த முதல் பெயர் சான்றிதழின் கையெழுத்தில் இல்லை. அதனால் யேல் விலகினாலும் பட்டத்துக்குப் பாதிப்பில்லை. உங்கள் படிப்பிலும் இதையே பாருங்கள். ஒரு தரப்பு விலகினால் படித்துக்கொண்டிருப்பவர்களை யார் முடிக்க வைப்பார், அதுவரை எடுத்த கிரெடிட் செல்லுமா என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். படிப்பை முடிக்க முடியாமல் இடையில் வெளியேறுகிறவர்களின் கிரெடிட்டுக்கு வழி சொல்ல வேண்டும் என்று யுஜிசி விதிமுறையும் கேட்கிறது.

விளம்பரத்தில் இருக்கும் கூட்டு நிஜமா என்று எப்படிச் சரிபார்ப்பது?

இங்கே இருக்கும் கல்லூரியின் இணையதளத்தை விட்டுவிட்டு, அந்த வெளிநாட்டுப் பல்கலையின் தளத்துக்குப் போங்கள். கூட்டாளிகள் பட்டியலில் உங்கள் கல்லூரி பெயர் இருக்கிறதா, படிப்பின் பெயர் அதேதானா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர்களுடைய சர்வதேச உறவு அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: "இந்தக் கல்லூரியோடு இந்தப் படிப்புக்கு உங்களுக்கு ஒப்பந்தம் உண்டா? பட்டம் நீங்கள் வழங்குவீர்களா?" இரண்டு கேள்வி போதும், பெரும்பாலும் பதில் போடுவார்கள். வெளிநாட்டுப் பல்கலையின் பெயரை வாடகைக்கு எடுத்து நடத்தும் ஃபிரான்சைஸ் ஏற்பாட்டுக்கு விதிமுறை இடம் தரவில்லை. கட்டண விவரத்தைச் சேர்க்கையின் போதே வெளிப்படையாகப் போட வேண்டும் என்றும் இருக்கிறது. "சீட்டு போய்விடும், முதலில் முன்பணம் கட்டுங்கள், விவரம் அப்புறம்" என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வரை பணம் கட்டாதீர்கள்.